கண்ணளவில் சொன்ன பிரஷர்

ஜவ்வாது மலையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஏழுமலை என்று கேட்டால், எந்த ஏழுமலை என்பார்கள். குந்து ஏழுமலை என்று கேட்டால் நடக்கத் தெரிந்த குழந்தைகூட என் வீட்டுக்கு வழி காட்டும். எங்கள் பக்கத்தில் உட்காருவதைக் குந்துவது என்போம். இந்த மலையில் நான் குந்த வைக்காத ஆள் கிடையாது. சாமை விதைக்கிறவன், புளி உலுக்குகிறவன், பஞ்சாயத்துத் தலைவர், காட்டிலாகா அதிகாரி, கீழே இருந்து ஜீப்பில் சோதனைக்கு வந்த பெரிய டாக்டர் வரை எல்லோரும் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் இருந்திருக்கிறார்கள். வீட்டில்கூட இவர் இப்படி இருந்ததில்லை என்று பல பேருடைய பெண்டாட்டிகள் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் பணியாளராக இருந்தவன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் இருமலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். பாதரசம் ஏறி இறங்கும் பழைய பிரஷர் மெஷின்களை எல்லாம் வண்டி வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். மேஜைமேல் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பெண் அதைத் தடவிக்கொண்டே சொன்னாள், "இப்போ ஒண்ணும் கஷ்டமே இல்லண்ணா. பட்டனைத் தட்டினா நம்பர் வந்துடுது. இதுல இன்னா வேலை இருக்குது?"

இன்னா வேலை இருக்கிறது என்று அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு மணி தாண்டியும் நான் முடிக்கவில்லை. கடைசியில் அவளே, எழுதிக் கொடுத்துடுங்கண்ணா, நாங்க எல்லாரும் படிச்சிக்கிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பு ஐந்தாவது. ஐந்தாவதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். சுகாதார நிலையத்தில் தண்ணீர் சுமக்கச் சேர்ந்தேன். கூட்டினேன், துடைத்தேன், குப்பை எரித்தேன். சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பிரஷர் மெஷினைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். உள்ளே இருந்த பாதரசம் தரை முழுக்க உருண்டு ஓடியது. அது விஷம் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? நானும் மருந்தாளுநரும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து அதைத் துரத்தித் துரத்திப் பிடித்தோம். வேறு மெஷின் வந்தபோது, அதைத் தொடாதே என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். தொடாதே என்று சொன்ன பொருளைத்தான் மனுஷன் கவனமாகப் பார்ப்பான். கண்ணாடிக் குழாயில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தே நான் நூற்றுக்கு மேல் எண்ணப் பழகினேன். காதில் குழாயை மாட்டி, 'டப்' என்று சத்தம் வரும் இடம் மேல் எண், சத்தம் அடங்கும் இடம் கீழ் எண் என்று கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது. படித்த பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் இந்த மலையில் கையை நீட்டியவர்களுக்கெல்லாம் பிரஷர் இருந்தது. அன்றிருந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, இன்னாய்யா இது, காற்றிலேயே கலந்திருக்கா என்று கேட்டார். காரணம் எனக்குத்தான் தெரிந்தது. எங்கள் சுகாதார நிலையம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மூன்று மைல் நடந்து, அந்த மேட்டில் மூச்சு வாங்க ஏறி, கீழே கடையில் டீ குடித்து, புகையிலையை ஒரு கன்னத்தில் அடக்கி, வரிசையில் முன்னால் நின்றவனோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்து கையை நீட்டினால் பிரஷர் எப்படி இருக்கும்? ஐந்து நிமிடம் உட்கார வைக்கணும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னது உண்மைதான். மிச்சம் எல்லாம் என் கண்டுபிடிப்பு.

முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வேன். முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எண் ஏறிவிடும். பிறகு பெஞ்சில் குந்து என்பேன். எங்கள் ஆட்கள் குந்து என்றால் இரண்டு காலையும் பெஞ்சின்மேல் தூக்கி வைத்துக் குத்துக்காலிட்டுக் குந்துவார்கள். ஒவ்வொருவராகக் காலைப் பிடித்து இறக்கித் தரையில் வைக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது, முதுகு சுவரில். கையைத் தொங்கவிடவும் கூடாது, தூக்கிப் பிடிக்கவும் கூடாது. நெஞ்சுக்கு நேராக, தானாகக் கிடக்க வேண்டும். அதற்கென்றே பலா மரத்தில் ஒரு பலகை செய்து, மேலே போர்வைத் துணி மடித்துத் தைத்து வைத்திருந்தேன். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும், அதனால் கழற்றச் சொல்வேன். இதெல்லாம்கூடச் சுலபம். பேசாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம்.

ஒரு கிழவர் இருந்தார். ஆட்டைக் கீழே புளியமரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தார். நான்கு நிமிடம் நல்லபடியாக இருப்பார். ஐந்தாவதில், "ஆடு இன்னா ஆச்சோ" என்பார். நான் மறுபடி முதலில் இருந்து ஐந்து நிமிடம் என்பேன். மறுபடி நான்கு நிமிடம், மறுபடி ஆடு. ஐந்தாம் முறை நானே இறங்கிப் போய் ஆட்டைப் பிடித்துவந்து அவர் கண்ணுக்கு எதிரே ஜன்னல் கம்பியில் கட்டினேன். அதன் பிறகுதான் வாய் மூடியது. எண் நூற்றி இருபத்தாறு. அவர் ஊரில் போய், சர்க்கார் ஆஸ்பத்திரியில் பேசினால் தண்டனை தருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் இருந்து இரண்டு மாதம் யாரும் வரவில்லை.

இப்படி ஆயிரக்கணக்கான பேரை உட்கார வைத்ததில் எனக்கு ஒரு வித்தை கைவந்தது. ஆள் மேட்டில் ஏறி வரும்போதே பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். கழுத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் வீக்கம், நின்று மூச்சு வாங்கும் இடம், பக்கத்து ஆளோடு பேசும் தோரணை எல்லாம் பார்ப்பேன். நூற்றி அறுபதுக்கு நூறு என்பேன். நர்ஸ் பார்த்தால் நூற்றி ஐம்பத்தெட்டு இருக்கும். மருந்தாளுநர் என்னோடு ஒரு டீ பந்தயம் கட்டுவார். அவர் வாங்கிக் கொடுத்த டீயில் ஒரு கிணறு நிரம்பும். தோற்ற கதையை நான் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை எங்களுக்குச் சர்க்கரை நாள். சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் அன்றைக்கு வருவார்கள். இருந்தது ஒரே நர்ஸ், ஒரே மெஷின். கூட்டம் மேட்டில் பாதிவரை நிற்கும். வயசானவர்களை எல்லாம் முறைப்படி உட்கார வைத்துப் பார்ப்போம். சின்ன வயசுக்காரர்கள் வந்தால் நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்ப்பார். "எவ்ளோண்ணா இருக்கும்?" என்பார். நான் ஒரு பார்வை பார்த்து நூற்றிப் பத்துக்கு எழுபது என்பேன். நோட்டில் அதை எழுதிவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பிரஷர் வரப்போகிறது? இது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் வித்தைக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஐம்பத்தைந்து வயசு ஆனபோது புது டாக்டரம்மா வந்தார். தெற்கத்திக்காரர், உயரம் என் தோளுக்கு வருவார், காலில் எப்போதும் ஓடுகிற பிள்ளைகள் போடும் ஷூ. முன்னால் இருந்த டாக்டர்கள் கத்துவார்கள். கத்துகிறவரைச் சமாளிப்பது எனக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. இந்த அம்மா கத்தவே மாட்டார். அவர் பேசுவது காதில் விழ வேண்டுமென்றால் வரிசையே அமைதியாக இருந்தாக வேண்டும். நான் வருஷக்கணக்காகப் பாடுபட்டு உண்டாக்கிய அமைதியை அவர் உதட்டை அசைத்தே உண்டாக்கினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளியின் நோட்டைத் திறந்து, பென்சில் முனையை ஒரு வரியில் வைத்து, "இதை யார் பார்த்தது?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எந்தக் கையில் பார்த்தீர்கள், எத்தனை நிமிடம் உட்கார வைத்தீர்கள், ஒரு தடவையா இரண்டு தடவையா என்று அடுத்தடுத்து வரும். முதல் வாரமே என்னைக் கேட்டார். ஒன்றுக்குப் போனதில் இருந்து பலாப் பலகை வரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் பலகையை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கு" என்றார். அந்த மூன்று வார்த்தையை நான் மூன்று ஊரில் சொன்னேன்.

மல்லிகாவின் விஷயம் அதற்கு அடுத்த மாதம்.

மல்லிகாவுக்கு அப்போது இருபது வயசு. எங்கள் ஊருக்கு மேலே இரண்டு மைலில் அவள் ஊர். என்னை மாமா என்று கூப்பிடும் முறை. பதினொரு வயசிலேயே சர்க்கரை வந்து, தினம் ஊசி போட்டுக்கொள்கிற பெண். ஊசியைப் பற்றி யாராவது இரக்கப்பட்டுப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. நீ தினம் பல்லு வெளக்கறல்ல, அது மாதிரி என்பாள். ஆலங்காயம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கி இன்சுலின் வாங்குவாள். அந்த பஸ் பக்கத்து ஊருக்குள் போய்த் திரும்பி வர இருபது நிமிடம் ஆகும். அதே பஸ்ஸைப் பிடித்தால் பர்மிஷனோடு போகும். விட்டால் அரை நாள் லீவு. அதனால் அவள் மேட்டில் ஓடித்தான் வருவாள், ஓடித்தான் இறங்குவாள். அவளை நான் ஒரு தடவைகூட உட்கார வைத்ததில்லை. மான் மாதிரி ஏறி வருகிறாள், இவளுக்கென்ன என்று நூற்றிப் பத்துக்கு எழுபது சொல்லிவிடுவேன்.

அந்த வியாழக்கிழமை டாக்டரம்மா அவள் நோட்டைத் திறந்தார். பென்சில் ஒரு வரியில் நின்றது. பிறகு ஒரு பக்கம் பின்னால் போனது. மறுபடி ஒரு பக்கம்.

"ஏழுமலை, எட்டு மாசமா ஒரே அளவு. நூத்திப் பத்து, எழுபது. இதை யார் பார்த்தது?"

நர்ஸ் தரையைப் பார்த்தார். மருந்தாளுநர் மருந்து அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார். டாக்டரம்மா காத்திருந்தார். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஊருக்கே சொன்னவன் நான். அந்த அரை நிமிடம் அதைவிட நீளம்.

"யாரும் பாக்கலங்க மேடம். நான் கண்ணால பாத்துச் சொன்னதுங்க."

மல்லிகாதான் என் பக்கம் திரும்பினாள். "இன்னா மாமா சொல்ற? அப்போ எட்டு மாசமா எனுக்குப் பிரஷர் இன்னான்னே தெரியாதா?"

சின்னப் பொண்ணுக்கெல்லாம் வராது என்று நினைத்தேன் என்றேன். சர்க்கரை வந்தபோதும் இதைத்தான் சொன்னாங்க என்றாள்.

கீழே பஸ் திரும்பி வந்து ஹாரன் அடித்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், டாக்டரம்மாவைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. ஐந்து நிமிடம் அவள் பேசவில்லை. நான் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நர்ஸ் காற்று ஏறும் பட்டையை அவள் கையில் சுற்றிக் கட்டினார். நூற்றி முப்பத்தாறுக்கு எண்பத்தெட்டு. பெரிய மோசமில்லை என்று நினைத்தேன்.

டாக்டரம்மா பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகாவின் கை முருங்கைக்காயைவிடக் கொஞ்சம்தான் பருமன். எங்கள் பட்டை அந்தக் கையை ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சின்னப் பட்டை இல்லையா என்று கேட்டார். இருந்தது. எப்போதோ வந்து, யாரும் கேட்காததால் ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்தது. அந்த அட்டைப்பெட்டியின்மேல்தான் நான் தினம் என் சாப்பாட்டுத் தூக்கை வைப்பேன். குழம்புக் கறை படிந்த பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய பட்டை மெலிந்த கையைச் சுலபமாக அமுக்கிவிடும், அதனால் எண் குறைத்துக் காட்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சின்னப் பட்டையைக் கட்டினார்கள். நூற்றி ஐம்பதுக்குத் தொண்ணூற்றாறு. சற்று விட்டு மறுபடி பார்த்தார்கள். ஏறக்குறைய அதேதான்.

என் தலைமுடி நரைக்கும்வரை நான் பார்த்த வேலையில், உட்கார வைப்பது எனக்குத் தெரியும், பலகை எனக்குத் தெரியும், சத்தம் எனக்குத் தெரியும். கைக்கு ஏற்ற பட்டை என்று ஒன்று உண்டு என்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் மீதி எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நாள் பார்த்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது என்றார் டாக்டரம்மா. பயத்திலும் ஏறும், கோபத்திலும் ஏறும். ஒரு வாரம், காலையில் வீட்டிலேயே பார்க்க வேண்டும். சிறுநீரை எடுத்துக் கீழே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தினமும் வர முடியாது, கம்பெனியில் விட மாட்டார்கள் என்றாள் மல்லிகா. டாக்டரம்மா தன் சொந்த பேட்டரி மெஷினை அலமாரியில் இருந்து எடுத்தார். பெரிய பட்டை, சின்னப் பட்டை இரண்டையும் வைத்தார்.

"இதை நீங்க தினம் கொண்டுபோய்க் கொடுங்க ஏழுமலை. பட்டனை அவளே அமுக்கட்டும். நம்பரை அவளே எழுதட்டும்."

என்னைத் திட்டியிருக்கலாம். மெமோ கொடுத்திருக்கலாம். எனக்குத் தரப்பட்டது ஒரு பையும் இரண்டு மைல் ஏற்றமும்தான். ஆனால் எழுதும் பென்சில் என் கையில் இல்லை என்பதை நான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்தவில்லை. "கெழவங்களுக்கு வர்ற சீக்கு எம் பொண்ணுக்கு வந்துட்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத. இன்னும் ஒரு வருசத்துல கட்டிக் குடுக்கணும்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை என்றேன். நீ வாய் தொறக்காத ஆளா என்றாள். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

மல்லிகா வெளியே வந்தாள். மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மொதல்ல உனுக்குப் பாக்கலாம். இது சரியா வேலை செய்யுதான்னு தெரியணும். உன் கண்ணை நம்பித்தான் எட்டு மாசம் போச்சி."

நியாயம்தான். ஆனால் நான் ஏறி வந்திருக்கிறேன், உட்கார வேண்டும் என்றேன். "தெரியும். பேசாம குந்து" என்றாள். போனில் நேரம் வைத்தாள். மூன்றாவது நிமிடம் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, பெரிய பட்டையை எடுத்தியா என்று கேட்டேன். முதலில் இருந்து ஐந்து நிமிடம் என்றாள். எதிர்வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். குந்து ஏழுமலை குந்துகிறதைப் பார்க்க இலவசம்.

நூற்றி இருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு.

பிறகு பட்டையை மாற்றி அவள் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து, பாதத்தைத் தரையில் வைத்து, கையை ஒரு தலையணைமேல் வைத்து, நான் ஒரு குறை சொல்ல இடம் வைக்காமல் உட்கார்ந்தாள். மெஷின் உறுமி அடங்கியது. நூற்றி நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நான்கு. அம்மா துடுப்போடு வந்து எட்டிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் மகள் முகத்தைப் படித்துவிட்டாள்.

மல்லிகா எண்ணை எழுதவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீ பொகையிலை போடற. கருவாடு இல்லாம சோறு துன்ன மாட்டே. வயிறு இம்மாம் வெச்சிருக்கிற. உனுக்கு நூத்தி இருபத்தி ரெண்டு. நான் சக்கரை போட்ட டீ குடிச்சி ஒம்போது வருசம் ஆவுது. இன்னா மாமா நாயம் இது?"

என் பிரஷர் நன்றாக இருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த எண்ணை நான் போளூர் வரை போய்ச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. மெஷின் தப்பாகச் சொல்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.

"நாயம் இல்லம்மா. ஆனா மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றேன்.

அவள் பென்சிலை எடுத்தாள். தன் எண்ணை எழுதினாள். பக்கத்தில் என் எண்ணையும் எழுதி, அதற்கு நேரே 'மாமா' என்று எழுதினாள். எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

ஏழு நாளும் அதே கதைதான். ஒரு நாள் நூற்றி நாற்பத்து நான்கு, ஒரு நாள் நூற்றி ஐம்பத்திரண்டு. சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டும் வந்தது. டாக்டரம்மா தாயையும் மகளையும் எதிரே உட்கார வைத்துப் பேசினார். நான் கதவோரம் நின்றேன். சின்ன வயசிலேயே சர்க்கரை வந்தவர்களுக்குப் பிரஷர் வயசாகட்டும் என்று காத்திருக்காது என்றார். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி மெல்ல ஓட்டையாகும். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயும் சீக்கிரம் கெட்டியாகும். மல்லிகாவுக்குச் சிறுநீரில் சத்துக் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பம்தான், பிடித்து நிறுத்தலாம். தினம் ஒரு மாத்திரை.

அம்மா ஒப்பவில்லை. பிரஷர் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது என்றாள். எல்லோரும் சொல்வதுதான், நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மல்லிகா அம்மாவின் கைமேல் கையை வைத்து நிறுத்திவிட்டு டாக்டரம்மாவைக் கேட்டாள், "நான் போடலன்னா இன்னா ஆவும்?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷமும் உனக்கு ஒண்ணும் தெரியாது. ஓடிக்கிட்டுதான் இருப்ப. முப்பது வயசுல தெரியும். அப்போ நான் குடுக்கிற மாத்திரை போதாது."

மல்லிகா கையை நீட்டினாள். மருந்தாளுநர் மாத்திரை அட்டையைக் கொடுத்தார். அவள் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, முப்பதுதான் இருக்கிறது, முப்பத்தோரு நாள் மாதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். இப்படிக் கேட்கிற ஆள் மாத்திரையை விட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோனது. இதைக் கண்ணளவில்தான் சொல்கிறேன், ஆனால் இதில் நான் தோற்கவில்லை.

அன்றைக்கே டாக்டரம்மா பதிவேட்டில் ஸ்கேலால் ஒரு கோடு போட்டு, 'யார் பார்த்தது' என்று ஒரு பத்தி சேர்த்தார். பக்கத்திலேயே 'எந்தப் பட்டை' என்று இன்னொன்று. முப்பது வயசுக்குக் கீழே இருக்கும் சர்க்கரைக்காரர்கள் எல்லோருடைய நோட்டையும் எடுத்துவரச் சொன்னார். நான் கண்ணால் சொன்ன எண்கள் எல்லாவற்றையும் நானே அடித்தேன். ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கூட்டிவந்து முறைப்படி உட்கார வைத்தேன். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருந்தது. பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு மட்டும் இல்லை. அவன் என்னிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டீ பந்தயத்தை நிறுத்தினேன். மருந்தாளுநருக்கு அதில் நிறைய மிச்சம்.

நர்ஸ் பெண்ணே, உன் கேள்விக்கு இதுதான் பதில். பட்டனைத் தட்டினால் நம்பர் வரும். எந்தக் கைக்கு எந்தப் பட்டையைக் கட்டினாலும் வரும். மூச்சு வாங்குகிறவனுக்கும் வரும், ஆட்டை நினைத்துக்கொண்டிருப்பவனுக்கும் வரும். சின்ன வயசு என்று தட்டாமலே விட்டால் மட்டும்தான் வராது.

மல்லிகாவின் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஆரம்பித்து நான்கைந்து மாதத்தில் பிரஷர் இறங்கி நின்றது. சிறுநீர்க் கசிவும் குறைந்தது. கம்பெனியிலேயே வெட்டும் பிரிவில் வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் அவனிடம் முன்பே சொல்லித்தான் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா ஒளித்துவைத்த நோட்டை அவளே எடுத்துக் காட்டினாளாம்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை இருவரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அவன் வெளியே வண்டியோடு நின்றுகொண்டான். மல்லிகா உள்ளே வந்து, முறைப்படி உட்கார்ந்து, சின்னப் பட்டையை அவளே எடுத்துக் கட்டிக்கொண்டாள். நூற்றிப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. நோட்டை மூடாமல் டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள்.

"கொழந்தை பெத்துக்கலாம்னு இருக்கறோங்க. இந்த மாத்திரை அதுக்கு ஆவுங்களா?"

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் நாலு மாதம், ஐந்து மாதம் ஆன பிறகுதான் மேட்டில் ஏறி வருவார்கள். கரு தங்குவதற்கு முன்னால் வந்து கேட்ட பெண் இவள்தான்.

"ஆகாது" என்றார் டாக்டரம்மா. "வயித்துல இருக்கிற குழந்தைக்கு இந்த மாத்திரை கெடுதல். வேற மாத்திரைக்கு மாத்தணும். சர்க்கரையும் இன்னும் கொஞ்சம் இறங்கணும். கண்ணு, சிறுநீரகம் எல்லாம் ஒரு தடவை பார்த்துடலாம். ஒரு ஆறு மாசம் குடு. அப்புறம் நானே சொல்றேன், சரின்னு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மல்லிகா விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். வரிசை அமைதியாக இருந்தது. நான் அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் படியில் நின்றபடியே புருஷனைப் பார்த்து, மேடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஆறு மாசம் பொறுக்கணுமாம்."

வரிசையில் இருந்த அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஆலங்காயத்தில் டேங்க் நிறையப் போட்டுக்கொண்டுதான் மலையே ஏறியிருந்தார்கள். இருந்தாலும் அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.